கடையில் வாங்கிய கேக்

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் சொந்தக்காரர்கள் நாவல் படிக்கும் அழகே தனி. தங்களைப் பற்றி எங்கே வருகிறது என்று தேடுவார்கள். மற்றப் பக்கங்களெல்லாம் அவர்களுக்கு வெறும் காகிதம்.

பட்டாளத்தில் இருந்தபோது கடல் தாண்டி ஒரு போருக்குப் போய்வந்த என் சித்தப்பாவைப் பற்றி எழுதியிருந்தேன். கல்லறைத் திருநாளன்று தாத்தா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பெரிய சிலுவைக்கடியில் இன்னொன்று ஏற்றுவார். கல்லறை வேறெங்கோ இருப்பவர்களுக்காக அங்கே ஏற்றுவது வழக்கம். செத்துப்போன பட்டாளத்து நண்பனுக்காக என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

அவரோடு போருக்குப் போன ஒருவர் மட்டும் என்னிடம் வேறு கதை சொன்னார். கிணற்றடியில் ஒரு பெண். தமிழில் கெஞ்சியிருக்கிறாள். சித்தப்பா சுட்டுவிட்டார்.

நான் அப்போது பத்திரிகை நிருபர். ஒரே ஆள் சொன்னதை வைத்துச் செய்தி போட விடமாட்டார்கள். சித்தப்பாவிடம் போர் என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவார். வேலையை விட்டுவிட்டு நாவலாக எழுதினேன். அந்தப் பெண்ணுக்குச் சிவப்புச் சேலை கட்டிவிட்டது நானாகத்தான். அந்த ஆள் சொன்னது பொய்யென்றால், நல்ல மனிதரைக் கொலைகாரராக்கிய பாவம் எனக்கு. அந்தப் பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

புத்தகம் வந்த வருஷம் கல்லறைத் தோட்டத்திலேயே பஞ்சாயத்து வைத்தார்கள். கொலையைப் பற்றி என்றா நினைக்கிறீர்கள்?

“நம்ம வீட்ல கிறிஸ்மஸ் கேக்க எப்போடி கடைல வாங்கினோம்?” என்று அத்தை பாய்ந்தாள். “மாவு வீட்ல கலந்து, பேக்கரி அடுப்புல வெச்சு எடுத்துட்டு வருவோம். கடைல வாங்கினோம்னு எழுதி மானத்த வாங்கிட்டியே!”

“அந்தக் கெணத்தடிப் பொண்ணு?” என்றேன்.

“அதெல்லாம் சும்னே, சும்மா ஒரு கற்பனைதானே. யாரு நம்பப் போறாங்க?”

அப்பா தலையாட்டினார். குடும்பமே தலையாட்டியது. கேக் மட்டும்தான் அவர்களுக்கு உண்மை.

சிலுவையடியில் குனிந்திருந்த சித்தப்பா திரும்பாமலே சொன்னார்: “சேலை செவப்பு இல்லம்மா. பச்சை.”

கேக்குக்காகப் பாய்ந்த அத்தை பூக்கூடையைத் தேடினாள். அப்பா வானத்தைப் பார்த்து, “மழ வர்ற மாதிரி இருக்கு, கெளம்பலாம்” என்றார். எல்லோரும் அவசர அவசரமாகப் பூக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தராவது அவர் தோளைத் தொட்டிருக்கலாம்.

சித்தப்பாவின் மெழுகுவத்தி காற்றில் அணைந்திருந்தது. இரண்டு குச்சிகளை வீணாக்கினார். பிறகு தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

“நீ ஏத்தும்மா. உனக்கும் அவளத் தெரியுமில்ல.”