காய்ந்த டவலைத் துவைத்தவள்

மருமகள் ஒருத்தி கூப்பிடப்போக, அந்த ஹோட்டலே அவளை அத்தை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வரவேற்பில் நிற்கும் பெண்கள் அத்தை என்றார்கள், சமையல்கட்டில் இருப்பவர்கள் அத்தை என்றார்கள், மூன்றாவது மாடியில் அறை சுத்தம் செய்கிற, இவளைவிட வயதில் மூத்த மூணாம்மாடிக்காரிகூட வெட்கமே இல்லாமல் அத்தை என்றாள். புதிதாக வந்த மேனேஜரும் வந்த வேகத்தில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். வெளியே சலித்துக்கொண்டாலும் உள்ளுக்குள் அத்தைக்குப் பெருமைதான்.

கீழ்த்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டி, ஜன்னலே இல்லாத நீளமான அறைதான் லாண்டரி. பெரிய துவைக்கும் மெஷின்கள் ஒரு பக்கம், டிரையர்கள் இன்னொரு பக்கம், நடுவில் மடிக்கும் மேஜை. மாடிகளில் இருக்கும் பெண்கள் அழுக்குத் துணியைச் சுவரில் இருக்கும் ஒரு பெரிய குழாய் வழியாகத் தள்ளிவிட, அது பொத்தென்று இங்கே வந்து விழும். அத்தை அதைப் பிரித்து மெஷினில் போடுவாள், மருமகள் காய்ந்ததை எடுத்து மடிப்பாள். மாமியாரும் மருமகளும் நாள் முழுக்க ஒரே அறையில் இருந்தும் ரத்தக்களறி ஆகவில்லையே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். மெஷின் சத்தத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அத்தை பேசுவதில் பாதி மருமகளின் காதில் விழாது.

மருமகளை இங்கே கையைப் பிடித்து இழுத்துவந்து சேர்த்ததே அத்தைதான். கல்யாணமான புதிதில் அந்தப் பெண் வீட்டில் வாயே திறக்கமாட்டாள். புருஷன் லாரியோடு போனால் எப்போது திரும்புவான் என்று யாருக்கும் தெரியாது. இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள், படுக்கச் சொன்னால் படுப்பாள். அதைப் பார்க்க அத்தைக்குப் பயமாக இருந்தது. லாண்டரிக்கு வந்த பிறகுதான் சிரிப்பு வந்தது, பாட்டு வந்தது, அத்தையையே கிண்டல் பண்ணுகிற துணிச்சலும் வந்தது.

அத்தைக்கு ஒரே ஒரு மனக்குறை, தண்ணீர். அவர்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குழாயில் தண்ணீர் வரும், அதுவும் நூல் மாதிரி. அதைக் குடம் குடமாகப் பிடித்துவைத்துவிட்டு இங்கே வந்தால், மெஷின் நுரையும் தண்ணீருமாக நாள் முழுக்கச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

மேனேஜர் ஒரு நாள் எல்லோரையும் கூட்டிவைத்தார். தண்ணீரையும் கரண்டையும் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு, சூழலுக்கு நம்மால் ஆனதைச் செய்ய வேண்டும், யோசனை இருந்தால் சொல்லுங்கள் என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தைக்குத்தான் நாக்கு சும்மா இருக்காதே.

“சார், கீழ வர்ற டவல்ல பாதி ஈரமே ஆகலை. கையைத் தொடைச்சிட்டுப் போட்டுடுறாங்க. அதையும் சேர்த்துத் துவைச்சு, காய வெச்சு, மடிச்சு மறுபடி மேல அனுப்புறோம். கொக்கியில மாட்டினா துவைக்க வேண்டாம், தரையில போட்டா துவைக்கணும்னு ரூம்ல ஒரு கார்டு வெச்சா என்ன?”

மேனேஜர் கைதட்டினார். மற்ற ஹோட்டல்களில் இது இருப்பதுதானாம், இங்கேதான் யாருக்கும் தோன்றவில்லையாம். அந்த வாரமே அறைக்கு அறை கார்டு வந்தது. ஊழியர்கள் சாப்பிடும் இடத்தில் அத்தையின் போட்டோவை மாட்டினார்கள். “கண்ணை மூடிட்டு இருக்கீங்க அத்தை, தூக்கத்துலதான் இந்த யோசனை வந்துச்சா?” என்று மருமகள் கேட்டாள்.

விருந்தாளிகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். குழாயில் விழுகிற மூட்டை சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு மெஷினை நிறுத்தியே வைத்தார்கள். அத்தை அதன் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம், “இது என்னால நின்ன மெஷின்” என்று பீற்றிக்கொண்டாள்.

பிறகு மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். லாண்டரியில் ஒரு ஆள் அதிகம் என்றார். கடைசியாகச் சேர்ந்தவர்தான் போக வேண்டும், அது மருமகள் என்றார். சொல்லும்போது அவர் முகமும் நன்றாக இல்லை.

“ரூம் வேலையில போட்டுக்கலாமே சார்?”

“இடம் இல்லையே அத்தை. என் கையில இருந்தா செய்ய மாட்டேனா?”

அத்தை கீழே வந்து மருமகளிடம் சொன்னாள். அவள் சண்டை போட்டிருந்தால் அத்தைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “சரி அத்தை” என்று மட்டும் சொல்லிவிட்டு மடிப்பைத் தொடர்ந்தாள். அது ஜன்னலோரத்துக் குரல். தன் வாயாலேயே அவளை மறுபடி அங்கே உட்காரவைக்கப் போகிறோமே என்று அத்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

விஷயம் மூணாம்மாடிக்காரியின் காதுக்குப் போனது.

“இதுக்கா இந்த அழுகை? கொக்கியில தொங்குற டவலை நாங்க இழுத்துத் தள்ளிவிட்டா அது தரையில கிடந்த டவல்தானே? கொக்கி வந்து சாட்சி சொல்லப்போகுதா?” என்றாள் அவள்.

மறுநாளிலிருந்து எல்லா மாடியிலிருந்தும் மூட்டைகள் பொத்து பொத்தென்று விழுந்தன. நின்ற மெஷின் ஓட ஆரம்பித்தது. மேனேஜர் குழம்பிப்போனார். “ஆரம்பத்துல நல்லாக் கேட்டாங்க, இப்ப மறந்துட்டாங்க போல. சரி, உங்க மருமகள் இருக்கட்டும், பாப்போம்” என்றார். மருமகள் மறுபடியும் பாட ஆரம்பித்தாள்.

அத்தைக்குத்தான் பாட்டு ரசிக்கவில்லை. மூட்டையைப் பிரித்தால் கைக்கு வருவதெல்லாம் காய்ந்த டவல். சிலவற்றில் முதல் மடிப்புகூடக் கலைந்திருக்காது, மருமகள் நேற்று மடித்த மடிப்பு. அதை உதறி மெஷினில் போட்டு, தண்ணீரைத் திறந்துவிடுவாள். முன்பெல்லாம் அடுத்தவர்கள் செய்கிற அநியாயம் என்று திட்டிக்கொண்டே துவைத்தாள். இப்போது யாரைத் திட்டுவது? போதும் என்று மூணாம்மாடிக்காரியிடம் சொல்லப் பலமுறை படியேறினாள். ஒவ்வொரு முறையும் மெஷின் சத்தத்தையும் மீறிக் கீழேயிருந்து அந்தப் பாட்டு கேட்டது, திரும்பிவிட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார்.

“நாமளும் முயற்சி பண்ணிப் பாத்தோம் அத்தை. வர்றவங்க கேக்குற மாதிரி இல்லை. அதனால மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. ஊருக்கு வெளிய ஒரு பெரிய லாண்டரி இருக்கு. துவைச்ச தண்ணியவே சுத்தம் பண்ணித் திரும்பப் பயன்படுத்துறாங்க. நாம செலவழிக்கிற தண்ணியில கொஞ்சம்தான் அவங்களுக்கு ஆகும். இனிமே துணியெல்லாம் அங்க போயிடும். கீழ இருக்கிற லாண்டரியை மூடுறோம்.”

“அப்ப எங்க ரெண்டு பேரையுமா அனுப்புறீங்க சார்?”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அத்தைக்குக் கோபப்படக்கூட வழியில்லை. அந்த லாண்டரியைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் அவளுக்கே நல்ல காரியமாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் மாடிப் பெண்கள் அத்தனை பேர் வேலையும் போகும். அவளுக்காகச் செய்தவர்கள். ஆனாலும் நாக்கு நுனிவரை வந்ததை அவளால் முழுசாக விழுங்க முடியவில்லை.

“சார், வர்றவங்க மேல தப்பில்லை. அவங்க கொக்கியிலதான் மாட்டுறாங்க.”

மேனேஜர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு அத்தை. யாரையும் விட்டுக்கொடுக்க மாட்டீங்க” என்றார்.

அத்தை எழுந்து வந்துவிட்டாள்.

கடைசி நாள் மெஷின்களின் குழாய் இணைப்பைக் கழற்ற ஆட்கள் வந்திருந்தார்கள். அத்தையும் மருமகளும் செய்ய மிச்சமிருந்தது, அன்றைக்கு விழுகிற துணியை மூட்டை கட்டி வெளி லாண்டரியின் வண்டியில் ஏற்றுவது மட்டும்தான். மருமகள் பாடவில்லை. மெஷின்கள் ஓடாததால் அறையில் எல்லாம் தெளிவாகக் கேட்டது. அத்தைதான் எதுவும் பேசவில்லை.

குழாயிலிருந்து ஒரு மூட்டை விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு எதுவும் விழவில்லை. மருமகள் அண்ணாந்து குழாய்க்குள் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரித்தாள். பழக்கத்தில் அத்தையும் கையைவிட்டாள்.

“எல்லாமே ஈரமா இருக்கே அத்தை” என்றாள் மருமகள்.

இனி யாருக்காகக் காய்ந்த டவலைத் தள்ளிவிட வேண்டும்? மாடிப் பெண்கள் கொக்கியில் தொங்கியதைத் தொங்கவிட்டுவிட்டார்கள். கார்டில் எழுதியிருந்தபடியே எல்லாம் நடந்திருந்தது.

வண்டிக்காரர் உள்ளே வந்து இரண்டு மூட்டையையும் பார்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் தேடினார்.

“இவ்வளவுதானா? நிறைய இருக்கும்னு பெரிய வண்டியை எடுத்துட்டு வரச் சொன்னாங்களே?”

“இவ்வளவுதாம்ப்பா” என்றாள் அத்தை. ஒரு மூட்டையை அவள் தூக்கினாள், இன்னொன்றை மருமகள் தூக்கினாள்.