எதுவரைக்கும் வந்துச்சு?

அலுவலகத்துக்கு வந்து, கொம்பியூட்டர் மெஷினுக்குப் போர்த்திய கம்பளியை விலக்கியதும் அதன் தலையில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள் பவுலின். ஹட்டனில் காலைப் பனி ஜன்னல் இடுக்கு வழியே உள்ளே வந்துவிடும். தகரம் ஜில்லென்று இருந்தால் சுவிட்சைப் போடமாட்டாள். மேசை விளக்கை அதன் பக்கம் திருப்பி எரியவிட்டுப் பிளேன்டீயைக் குடித்து முடிப்பாள். “இன்னைக்கிக் கம்பளி கேக்குது, நாளைக்கிக் கஞ்சி கேக்கும்” என்பார் பெரிய கிளாக்கர் முத்துலிங்கம். தினமும் இதையே சொல்வார். அவள் கம்பளியை மடித்து வைப்பாள்.

சுற்றுவட்டாரத் தோட்டங்களின் தேயிலைக் கொழுந்து விபரமெல்லாம் இந்த அலுவலகத்துக்குத்தான் வருகிறது. கொழும்புத் தலைமையகம் அனுப்பிவைத்த இந்தக் கொம்பியூட்டரோடு அடுத்த அறையில் இரண்டு திரைகள் வயரால் இணைந்திருக்கின்றன. இது எழுந்தால்தான் அவையும் எழும். இது எழ ஒரு டிஸ்க் வேண்டும். கறுப்புச் சதுரமாக, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். நீளவாக்கில் வெட்டிய திறப்பு வழியே பழுப்பு நிறத் தகடு தெரியும். மெஷின் தன்னைத்தானே நடத்திக்கொள்ளும் வித்தை முழுவதும் அதற்குள்தான். “இதுதாங்க அதோட உசிரு” என்று பவுலின் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள்.

எது பழுதானாலும், ‘என்ன ஆச்சு’ என்று அவள் கேட்பதில்லை. “எதுவரைக்கும் வந்துச்சு?” என்றுதான் கேட்பாள். பொகவந்தலாவை பஸ்ஸைக் காணோம் என்றால், நோர்வூட் வரைக்குமாவது வந்ததா என்று விசாரிப்பாள். அவளுடைய அம்மா சிசிலிக்கு இது பெரிய எரிச்சல். “சோறு கொழஞ்சாலும் இதையேதான் கேக்குறா” என்று நோர்வூட் லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

சென்ற வருடம் ஆயுத பூசை முடிந்து அலுவலகம் திறந்த காலையில் மெஷின் எழவில்லை. பனியால் அது ஏற்கெனவே ஓரிரு தடவை படுத்திருந்தது. இன்னொரு முறை நின்றால் கொழும்புக்கே எடுத்துக்கொள்வதாகத் தலைமையகம் சொல்லியிருந்தது. மெஷின் போனால் அவளுடைய நாற்காலியும் போகும். பழையபடி தோட்டத்துக் கந்தோர் ஆபீசில் டைப்ரைட்டர் தட்ட வேண்டியதுதான்.

முத்துலிங்கம் பதறிப்போய் வந்து நின்றார். பவுலின் நிறுத்திவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டு, “எதுவரைக்கும் வந்துச்சு?” என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி பார்த்தாள். காற்றாடி சுற்றியது. திரையில் எண்கள் ஓடி முடிந்தன. டிஸ்க்கைச் செருகும் வாயருகே சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கரகரப்புக் கேட்டது. அத்தோடு நின்றுவிட்டது.

“வீடு முழிச்சிருச்சு, அடுப்பும் பத்திருச்சு. சமைக்கிற ஆளத்தான் காணோம்” என்றாள்.

கொழும்பு எஞ்சினியரிடம் தொலைபேசியில் சிங்களத்தில் விபரம் சொன்னாள். அலுமாரியில் இருக்கும் பிரதி டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். கைவசம் இருந்தது அந்த ஒரே பிரதிதான். அதை மெஷினின் வாயருகே கொண்டுபோனவள் நின்றுவிட்டாள். அந்தக் கரகரப்பை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. பிரதியை மேசையில் வைத்துவிட்டு, உள்ளே இருந்த பழைய டிஸ்க்கை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திறப்புக்குள் மஞ்சளாக ஒரு கீறல் வட்டமாக ஓடியது. மோந்து பார்த்தாள். சந்தன வாசம்.

பூசைக்கு எல்லோரும் தத்தம் கைச் சாமானைச் சாமி படத்துக்கு முன் வைத்திருந்தார்கள். முத்துலிங்கம் பேனாவை வைத்தார். பியோன் வீரய்யா சைக்கிள் சாவியை வைத்தார். பவுலின் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரிதான்; ஆனாலும் தன் பங்குக்கு டிஸ்க்கை உறையோடு வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருந்தாள். காலையில் வந்ததும் அதை எடுத்து அப்படியே மெஷினில் போட்டிருந்தாள்.

தேநீர்க் கோப்பையோடு வந்த வீரய்யா அவள் கையில் இருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றார்.

“நான்தாங்க மிஸ் பொட்டு வச்சேன். உசிருன்னு சொன்னீங்களே, உறை மேல வச்சா எப்பிடிங்க உசிருல படும்? வெளிய எடுத்து, அந்தத் தொறப்புல...”

“எம்புட்டு வச்சீங்கண்ணே?”

“மத்த சாமானுக்கெல்லாம் வச்சதுதாங்க.” கொஞ்சம் தயங்கினார். “இதுக்குக் கொஞ்சம் தாராளமா.”

முத்துலிங்கம் சிரித்துவிட்டார். வீரய்யா சிரிக்கவில்லை, வேலை போய்விடும் என்றே நினைத்தார். எஞ்சினியர் தொலைபேசியில் காத்திருந்தார். டிஸ்க்கில் அழுக்குப் பட்டிருப்பதாகவும், உள்ளே துடைக்காமல் பிரதியைப் போட்டால் அதுவும் கெட்டுவிடும் என்றும் பவுலின் சொன்னாள். துடைக்கும்வரை போடவே வேண்டாம் என்றார் அவரும். அழுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அவள் வாசலை ஒருமுறை பார்த்தாள். உறைக்கு வெளியே இருந்துவிட்டது, இனி இருக்காது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

கோப்பையை வாசலோரம் வைத்துவிட்டு டிஸ்பென்சரிக்கு ஓடி ஸ்பிரிட் வாங்கி வந்தவர் வீரய்யாதான். பவுலின் மெஷினின் மூடியைக் கழற்றி, ஈர்க்கில் பஞ்சு சுற்றி உள்ளே துடைத்தாள். பஞ்சு மஞ்சளாக வந்தது. வெள்ளையாக வரும்வரை துடைத்தாள். பிறகு உதவாத வேறொரு பழைய டிஸ்க்கைப் போட்டுக் காதைக் கொடுத்தாள். கரகரப்பு இல்லை. அதற்குப் பிறகே பிரதியைப் போட்டாள். அடுத்த அறையிலிருந்து, “மிஸ், இங்க வந்திருச்சு” என்று குரல் கேட்டதும்தான் வீரய்யா கோப்பையை எடுத்து அவள் மேசையில் வைத்தார். தேநீர் ஆறிப்போயிருந்தது.

இந்த வருடமும் பூசை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்த வீரய்யா அவளுடைய மேசையைத் தாண்டிப் போகப் பார்த்தார். பவுலின் எழுந்து டிஸ்க்கை உருவி, உறையிலிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்து மூடினாள். பிறகு கம்பளியை மடித்து எடுத்துவிட்டு, மெஷினின் நெற்றியில், சரியாக நடுவில், ஒரு விரலை வைத்துக் காட்டினாள்.