செலின் டீச்சருக்கு நான் வைத்த பெயர்

வேம்பார் பஸ் அன்றைக்கு நேரத்துக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை, செலின் டீச்சருக்கு டயாலிசிஸ் செய்யும் நாள். செவ்வாயும் வெள்ளியும் பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு தூத்துக்குடி பஸ் நிலையத்தில் நிற்பேன். அவர் முன்வாசலில் ஒவ்வொரு படியாக இறங்குவார். பையை வாங்கிக்கொண்டு நான் ஒரு கிண்டல் சொல்வேன். அவர் பதிலுக்கு ஒன்று சொன்ன பிறகுதான் ஆட்டோவில் ஏறுவோம். ஒன்றரை வருஷமாக அதுதான் வழக்கம். அன்றைக்கும் ஒன்று தயாராக இருந்தது. கூடை வைத்திருந்த பெண்கள் இறங்கினார்கள், கல்லூரிப் பிள்ளைகள் இறங்கினார்கள், கடைசியில் கண்டக்டரும் இறங்கி டீ குடிக்கப் போனார். அப்போது போன் அடித்தது. டீச்சரின் மகள் ஜெனி.

"சூசை மாமா, பஸ் ஸ்டாண்டுல நிக்கியளோ?"

"நிக்கேம்மா. எங்க, உங்கம்மா பஸ்ஸ விட்டுட்டாங்களா?"

"அம்மா விடியக்காலம் போயிட்டாங்க மாமா. உங்களுக்குச் சொல்லணும்னே தோணல. மன்னிச்சிருங்க."

"சரிம்மா" என்றேன். சொல்ல வைத்திருந்த கிண்டல் வாயிலேயே கிடந்தது. அடுத்த வேம்பார் பஸ் வந்து நிற்கும் வரை அந்தப் பெஞ்சை விட்டு எழ முடியவில்லை.

பழைய மாணவியர் மலருக்கு டீச்சரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். உங்களுக்கெல்லாம் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப் துடைத்து வைத்தவன், வெங்காயம் நறுக்கித் தந்தவன். எழுத்துப் பிழையைத் திருத்த ஆள் இருக்கிறது என்றார்கள். பிழையைத் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்தாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த அம்மா நாள் முழுக்க ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு என்னத்தைப் பார்க்கிறார் என்று எனக்குத் தாங்கவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். குனிந்து பார் என்றார். பார்த்தேன். ஊதா நிறத்தில் செங்கல் அடுக்கியது போல இருந்தது.

"டீச்சர், காம்பவுண்டுச் சுவரு மாதிரில்லா இருக்கு."

"மாதிரி எல்லாம் வேண்டாம்லே. செல்லு செல்லு மாதிரிதான் இருக்கும்."

இந்த 'மாதிரி' அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. செல் ஒரு தொழிற்சாலை மாதிரி, ஒரு ஊர் மாதிரி என்று புத்தகத்தில் போட்டிருக்கும் பக்கத்தைப் படிக்காமலே திருப்பிவிடுவார். அது தெரிந்ததும் எனக்குக் கொண்டாட்டம். உட்கருதான் கப்பல் கேப்டன், மைட்டோகாண்ட்ரியாதான் எஞ்சின் ரூம் என்று அவர் காதுபடவே சொல்வேன்.

"ரத்தத்துல சிவப்பு அணு இருக்குல்லா? அது வளந்த பொறகு அதுல உட்கருவே கிடையாது. கேப்டன் இல்லாமலேதான் உன் ஒடம்பு முழுக்கச் சுத்தி வருது" என்றார்.

"நம்ம ஸ்கூலும் அப்படித்தான டீச்சர் ஓடுது" என்றேன். தலைமையாசிரியை மதர் வராந்தாவில் வந்துகொண்டிருந்தார். டீச்சர் சிரிப்பை அடக்கச் சாக்பீஸைக் கடித்துக்கொண்டார்.

வெங்காயத் தோல் ஒரு கண்ணாடித் தகட்டில், உங்கள் கன்னத்தின் உள்ளே சுரண்டியது இன்னொரு கண்ணாடியில் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பாடம் தொடங்குவார். "வெங்காயத்துக்குச் சவ்வுக்கு வெளிய ஒரு சுவரும் இருக்கு. நமக்கு வெறும் சவ்வுதான். அதனால அது நிக்குது, நாம நடக்கோம்" என்பார். செடியின் செல்லுக்குள் பெரிய தண்ணீர்ப் பை மாதிரி இருக்கிற நுண்குமிழைக் காட்டுவார். (மாதிரி என்று எழுதிவிட்டேன். டீச்சர் மன்னிக்கட்டும்.) அந்தப் பை நிறைந்திருந்தால்தான் செல் விறைப்பாக இருக்கும், தண்ணீர் போனால் செடி வாடும் என்பார்.

உங்களில் ஒருத்தி வெங்காயச் செல்லுக்குள் பச்சைப் பசேலென்று பசுங்கணிகம் வரைந்து பூஜ்யம் வாங்கினாளே, நினைவிருக்கிறதா? அழுதாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றாள்.

"புஸ்தகத்துல செடின்னு போட்டு எல்லாத்தையும் சேத்து வரஞ்சிருக்கான். வெங்காயம் மண்ணுக்குள்ள கெடக்கது. அதுக்கு எதுக்குளா பச்சை? நீ பாத்தியா?"

"இல்ல டீச்சர்."

"பாத்ததை வரை. படிச்சதை வரையாத."

இந்த வாக்கியத்தை அவர் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. அதுவே ஒருநாள் அவருக்கு வினையாக வந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆய்வகத்தில் இரண்டு வெள்ளைக் கேன்கள் இருந்தன, ஒரே அளவு, ஒரே மூடி. ஒன்றில் லாரியில் பிடித்த நல்ல தண்ணீர். இன்னொன்றில் நான் சைக்கிளில் போய்க் கரையில் மொண்டு வரும் கடல்தண்ணீர், தொட்டியில் கிடந்த நட்சத்திர மீனுக்கும் நண்டுக்கும். எது எது என்று எழுதி ஒட்டச் சொல்லி டீச்சர் அலுத்துப்போனார். எனக்கு எதற்கு எழுத்து? ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் தெரிந்துவிடும் என்பேன். தினமும் அப்படித்தான் பார்ப்பேன், ஒருநாளும் தப்பியதில்லை.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வன்று காலையில் வாட்ச்மேன் ஆத்தூர் வெற்றிலை கொண்டுவந்திருந்தார். கொஞ்சம் கூடுதலாகவே சுண்ணாம்பு தடவிப் போட்டுக்கொண்டேன். நாக்கு வெந்துபோனது. அந்த நாக்கில்தான் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் கண்ணாடியில் விடுகிற சொட்டுக்குப்பி அத்தனையையும் நிரப்பி மேஜைகளில் வைத்தேன். நிரப்பியது கடல்தண்ணீர்.

வேறொரு பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் முதல் வரிசைப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் சுவர் சரியாக இருந்தது. ஆனால் உள்ளே இருக்க வேண்டியதெல்லாம் சுவரை விட்டு விலகி, ஊதா உருண்டையாக நடுவில் சுருண்டு கிடந்தது. உப்பு, செல்லுக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. கன்னத்துச் செல்லுக்குச் சுவர்கூடக் கிடையாதே, அது ஓரமெல்லாம் மடங்கிக் கிடந்தது. புத்தகப் படத்தை மனப்பாடமாக வரைந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. செலின் டீச்சரின் பிள்ளைகளாயிற்றே, பார்த்ததை வரைந்திருந்தார்கள்.

"என்ன டீச்சர் சொல்லிக் குடுத்திருக்கீங்க? வெங்காயச் செல் வரையத் தெரியாதா உங்க பிள்ளைங்களுக்கு?"

டீச்சர் குனிந்து ஒரு மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரோடு சுவராக நின்றேன். ஆறு வருஷமாகத் தற்காலிக ஆள் நான். அந்த ஜூன் மாதம்தான் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள்.

"தண்ணிய நான் மாத்தி வச்சிட்டேன் சார். தப்பு என்னோடது. பிள்ளைங்க சரியாத்தான் வரைஞ்சிருக்கு. பாருங்க" என்றார் டீச்சர்.

எனக்கு ஜாடை காட்டினார். மற்றக் கேனிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுபோனேன். கண்ணாடியின் ஒரு ஓரத்தில் மை உறிஞ்சும் தாளை வைத்து உப்புத் தண்ணீரை உறிஞ்சவிட்டு, மறு ஓரத்தில் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீரை விட்டார். "இன்னும் சாகல சார். இப்பத்தான் சுருங்கியிருக்கு. தண்ணி குடுத்தாத் திரும்ப வந்துரும்." கொஞ்ச நேரத்தில் அந்த ஊதா மெல்ல மெல்ல விரிந்து மறுபடி சுவரைத் தொட்டது. தேர்வாளர் அதைக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். ஒரு பிள்ளைக்கும் மதிப்பெண் குறையவில்லை.

குறைந்தது டீச்சருக்குத்தான். தேர்வில் கவனக்குறைவு என்று எழுதி வாங்கினார்கள். மறு வருஷம் பிளஸ் டூவை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். நான்கு வருஷம் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் பாடம் நடத்தினார். சாப்பாட்டு நேரத்தில் வந்து மைக்ரோஸ்கோப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். என்னை ஜூனில் நிரந்தரம் செய்தார்கள்.

தேர்வு நடந்த அன்று சாயங்காலமே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, யாராவது நூல் பிடித்து என்னிடம் வந்துவிடுவார்களோ என்று. டீ கொடுக்கப் போன இடத்தில் ஆசிரியைகளிடம், "என்ன, நம்ம உப்புத்தண்ணி டீச்சர் டீ குடிச்சாச்சா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் பிள்ளைகள் சொன்னார்கள், ஒரு வாரத்தில் பள்ளிக்கூடமே சொன்னது. பிறகு வந்த வகுப்புகளுக்குக் கதை தெரியாது, பெயர் மட்டும் தெரியும். டீச்சரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், டயாலிசிஸ் படுக்கையில், ரத்தம் குழாயில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே, "இதுக்குள்ளயும் ஒரு சவ்வுதாம்லே இருக்கு. வேண்டாததை வெளிய விட்டுட்டு வேண்டியதை உள்ள வைக்கு. என்ன ஒண்ணு, என் செல்லு இதைச் சும்மாவே செஞ்சிட்டுக் கெடந்துது" என்றார். குரலில் அலுப்பு. எனக்கும் அன்றைக்கு அலுப்பாக இருந்தது. சிரிக்க வைக்க ஒன்றும் தோன்றவில்லை. அதனால்தானோ என்னவோ வாய் திறந்தது.

"டீச்சர், அந்தக் கேனு..."

"கேனுல நீலக் கயிறு கெட்டுனது யாரு?"

தேர்வுக்கு மறுநாளே கடல்தண்ணீர்க் கேனின் கைப்பிடியில் வலைக்கயிறு கட்டியிருந்தேன், இனி மாறக்கூடாது என்று. அது என் நினைவிலேயே இல்லை.

"ஒன் மூஞ்சியப் பாத்து அன்னைக்கே சந்தேகம். கயித்தப் பாத்ததும் முடிவாயிட்டு. அப்பச் சொல்லிருந்தா ஒன் வேல போயிருக்கும். சரி, இப்பச் சொல்லுததுக்கு என்னலே?"

"பழைய பிள்ளைங்க கூட்டம் வருதுல்லா டீச்சர், மைக்குலயே சொல்லுதேன்."

"பாப்போம். சிரிக்காமச் சொல்லணும்" என்றார்.

கூட்டம் வந்தது. நீங்கள் எல்லாரும் வந்திருந்தீர்கள். டீச்சர் முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தேன். "எல்லாருக்கும் வணக்கம். உப்புத்தண்ணி டீச்சருக்கு மட்டும் நல்ல தண்ணி குடுங்க" என்று வந்துவிட்டது. கூடம் அதிர்ந்தது. டீச்சரும் சிரித்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் சொல்ல ஏதோ இருக்கிறதே என்பது போல. நான் இறங்கிவிட்டேன். அடுத்த செவ்வாய் பஸ் நிலையத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு வேம்பாருக்குப் போனபோது கடற்கரைச் சாலையில் ஒரு சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். நீங்கள்தான் அன்பாக அடித்து ஒட்டியிருந்தீர்கள். டீச்சரின் படம், அடியில் பெயர், அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் 'உப்புத்தண்ணி டீச்சர்'. உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் என்னால் அந்தச் சுவரைத் தாண்டி நடக்க முடியவில்லை. பயத்தில் நான் சொன்ன ஒரு சொல் அவருடைய சாவு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

அவரிடம் வேலை பார்த்தவனுக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், ஆய்வகத்தில் அந்தக் கேன் இன்னும் இருக்கிறது, கயிறு வெளுத்துவிட்டது. அதை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்புறம் 'பாத்ததை வரை' என்ற அந்த வாக்கியம். ஆய்வகத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதைக் கேட்டும் அதன்படி நான் ஒன்றும் வரைந்ததில்லை. இதுதான் முதல் படம். தேர்வன்று காலையில் குப்பிகளை நிரப்பியது நான். டீச்சர் அந்தக் கேனைத் தொடவே இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த ஆள் சொல்கிறேன்.

அடுத்த கூட்டத்திலும் அந்தப் பெயர் உங்கள் வாயில் வரும். வரட்டும். என்னைப் பார்த்துக் கூப்பிடுங்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.