பாதாம் டப்பா

பெருமாள்மலைக்கு அருகே ஒரு சிறிய சாக்லேட் தயாரிப்புக் கூடத்தில் நான் மூன்று வருடம் வேலை பார்த்தேன். முதலாளி, ஓர் அக்கா, நான். அவ்வளவுதான் ஆட்கள். ஒரு மழைக்காலத்தில் டப்பாவிலிருந்த பாதாம் குறையத் தொடங்கியது. முதலாளி எங்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். இருவரிடமும் கதவுச் சாவி உண்டு; ஆனால் தினமும் முதலில் வருவது அக்காதான். அதனால் எனக்கு அவர்மேல் சந்தேகம்.

ஒருநாள் அவருக்கு முன்பே வந்து கலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அக்கா வந்தார். பாதாம் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆணியில் தொங்கிய என் ஏப்ரனின் பைக்குள் கைவிட்டுத் துழாவினார்.

“என்னக்கா தேடுறீங்க?”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பாதாமத்தான். நீதான் எடுக்கிறேன்னு நெனச்சேன். நீ இம்புட்டு வெள்ளனே இங்க என்ன பண்ற?”

“உங்களப் பிடிக்கத்தான் வந்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கூடவே வெட்கமாகவும் இருந்தது. அவர் முகமும் சுருங்கிப்போயிற்று.

அன்றே இருவரும் போய் டப்பாவைப் பூட்டச் சொன்னோம். முதலாளி பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காலையில் தேவையான பாதாமை அவரே அளந்து கொடுப்பார். அடுத்த வாரமும் பாதாம் குறைந்தது.

“பூட்டியும் கொறையுதே?” என்று எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“ஆமாங்கய்யா, சாவி எங்ககிட்ட இல்லையேங்க” என்றார் அக்கா.

அதற்குப் பிறகு முதலாளி பாதாமைப் பற்றிப் பேசவே இல்லை.