கடைசிக் காம்பராவுக்குப் போகும் தண்ணீர்

டாக்டர் தயாபரன் யாழ்ப்பாணத்தில் காலமாகிவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை எக்ஸ்ரே எடுப்பவர் வந்து சொன்னபோது, ஒரு நோயாளிக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்து, அவிழ்த்து, மறுபடியும் கட்டினேன். முதலில் கட்டியதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

இந்த மலைநாட்டு ஆஸ்பத்திரியில், எங்கள் எலும்பு முறிவு வார்டில் சர்ஜனாக இருந்த அவரோடு வேலை செய்த நர்ஸுகளுக்கு அவருடைய கோபம் தெரியும். வெள்ளைக் கட்டில் விரிப்பில் பேனாவால் எலும்புப் படம் போட்டுச் சலவைக்காரரிடம் அவர் வாங்கிய ஏச்சும் தெரியும். செல்லம்மாவின் கால் விஷயம் முழுதாகத் தெரிந்திருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைநாள். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்த செல்லம்மாவை லொறியில் கொண்டுவந்தார்கள். தோட்டத்து மருந்துச்சாலைத் துண்டுச் சீட்டில் சுளுக்கு என்று எழுதியிருந்தது. நனைந்து நடுங்கினாள். அப்படி வருபவருக்கு இந்த மலையில் முதலில் என்ன கொடுப்போமோ அதையே கொடுத்தேன்: சீனி கூடப் போட்ட பால் தேத்தண்ணி, இரண்டு ரொட்டி. பிறகுதான் எக்ஸ்ரே வந்தது. தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தது.

"மிஸ், இவவுக்கு என்ன குடுத்தனீங்கள்?" என்று டாக்டர் தயாபரன் கேட்டார்.

சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்; பதினொன்று. சாப்பிட்டவருக்கு மயக்க மருந்து கொடுக்க ஆறு மணி நேரமாவது பொறுக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டரோ மூன்று மணிக்கு நுவரெலியாவுக்குத் திரும்பிவிடுவார். ஆபரேஷன் மறுநாளுக்குப் போனது.

அவர் விரிப்பில் படம் போட்டுச் செல்லம்மாவுக்கு விளக்கினார். எலும்பின் உச்சியிலுள்ள உருண்டைக்கு ரத்தம் கீழேயிருந்து, கழுத்தை ஒட்டி ஏறும் மெல்லிய குழாய்களில்தான் போகிறது. கழுத்து முறிந்து விலகினால் அவை அறும், அல்லது மடங்கும். இடுப்புக் குழிப் பக்கமிருந்து வரும் சின்னக் குழாய் பெரியவர்களுக்குப் போதாது.

"மடங்கினதைக் கெதியா, நேரம் போக முன்னம் நிமிர்த்த வேணும். இல்லாட்டி எலும்பு ஒட்டினாலும் உருண்டை செத்துப் போகும்."

"எங்க லயத்து வரிசை வீட்டுல நடுவுல பைப்பு ஒடஞ்சா கடைசிக் காம்பராவுக்குத் தண்ணி போகாது. அதானுங்களே ஐயா?"

"அதேதான். இதைப் படிக்க எனக்கு அஞ்சு வருசம் போச்சுது." சிரித்துவிட்டு, என்னை வைத்துக்கொண்டே சொன்னார்: "இண்டைக்கே செய்திருக்க வேணும். சாப்பாடு குடுத்ததால பிந்திப் போச்சு."

"குளுருல வந்தவளுக்குத் தேத்தண்ணி குடுத்தது ஒரு குத்தமாங்க?"

"குற்றமில்லை அம்மா. ஆனா பிந்தினது பிந்தினதுதான்."

மறுநாள் மூன்று ஸ்குரூ போட்டு முறிவைப் பொருத்தினார். வார்டுக்குத் திரும்பியவளுக்கு அவரே தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். "இதுக்குத்தான் ஒரு நாள் பூரா பட்டினி போட்டீங்களா?" என்றாள் அவள்.

எலும்பு ஒட்டியது. ஒன்றரை வருடம் கழித்து எடுத்த படத்தில் உருண்டை நொறுங்கி அமிழ்ந்திருந்தது. செல்லம்மாவால் அதற்குப் பிறகு மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் போட்டார்கள்.

அந்தப் படம் வந்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் பின்னாலேயே போய்க் கேட்டேன். "நான் குடுத்த தேத்தண்ணியாலயா டாக்டர்?"

"விழுந்த உடனேயே குழாய் அறுந்திருக்கலாம். காத்திருந்த நேரத்தில உருண்டை செத்திருக்கலாம். எனக்குத் தெரியாது மிஸ். தெரிஞ்ச மாதிரிக் கதைக்க மாட்டன்."

பல வருடம் அவர்மீது கோபமாக இருந்தேன். உங்களால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் இடமாற்றமாகிப் போன பிறகும் மனதுக்குள் அவரிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். இனிக் கேட்கவும் ஆளில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையே, பத்து மணியளவில், கினிகத்தேனைப் பக்கமிருந்து ஒரு பெண்ணை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது; தொடை எலும்பின் கழுத்து முறிந்தால் அப்படித்தான் திரும்பும்.

"மிஸ், ஒடம்பெல்லாம் வெறைக்குது. ஒரு வாய் தேத்தண்ணி தாங்களேன்."

"கொஞ்சம் பொறுங்க அக்கா. படத்தப் பாத்துட்டுச் சொல்றேன்."

இரண்டு கம்பளி போர்த்தினேன். இரக்கமில்லாதவள் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் 'தெரியாது' ஒன்றுதான். அது என்னை இன்னும் ஓரிடத்தில் உட்கார விடவில்லை. தேத்தண்ணிக் கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. படம் வரும்வரை அதன் பக்கத்திலேயே நின்றேன்.