எழுத்து அழியாத சோப்பு

அந்த ஆளை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை. தலை நரைத்துவிட்டது. கோபம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது.

எண்பதுகளின் கடைசி. அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் பாப்பாரப்பட்டியிலிருந்து பெங்களூருக்குப் போவோம். முதல் பஸ்ஸில் தருமபுரி, அங்கிருந்து இன்னொரு பஸ். ஆஸ்பத்திரியில் ஓர் இயந்திரம் அவள் ரத்தத்தை வெளியே இழுத்துச் சுத்தம் செய்து உள்ளே அனுப்பும். அதற்காக முன்கைக்குள் இரண்டு சிறு குழாய்களைச் செருகி, வெளியே வளைத்து இணைத்திருந்தார்கள். இடது கைக் குழாய் சீழ் பிடித்து, எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருந்தது வலது கை. அண்ணன் தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாக இருந்தான். அதுவரை இந்தக் கை தாங்க வேண்டும். காய்ச்சல் இருந்தால் ஆபரேஷன் கிடையாது என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார்.

காவல் என் வேலை. காலையும் மாலையும் தெர்மாமீட்டர். குழாயின் மேல் போட்ட துணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பா, சூடா, வலியா, எல்லாம் ஒரு நோட்டில். எங்கள் வீட்டில் கை கழுவாமல் யாரும் அவளைத் தொட்டதில்லை.

இப்படிக் காத்த கையைக் கொண்டுபோய் அந்த ஆளிடம் நீட்டுவேன். குழாயைப் பிரித்து இயந்திரத்தில் மாட்டுகிற டெக்னீசியன் அவர். ஒரு கட்டிலைத் தொட்ட கையோடு அடுத்த கட்டிலுக்கு வருவார். நடுவில் கடலை தின்பார். எங்கள் காட்டுக் கடலை. அவருக்கென்று நானே வறுத்துக் கட்டிக்கொண்டு போனது. உள்ளங்கையில் தேய்த்து ஊதுவார். சிவந்த தொலி கட்டில்களின் மேல் பறக்கும்.

“கை கழுவிட்டு வாங்கண்ணா,” என்றேன் ஒருநாள்.

“இப்பத்தாம்மா கழுவுனேன்.” பிறகு மற்ற கட்டில்களைப் பார்த்தார். “பாப்பாரப்பட்டி டாக்டரம்மா வந்திருக்காங்க. எல்லாரும் எந்திரிச்சி வணக்கம் சொல்லுங்கப்பா.”

எழ முடியாதவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அதுதான் சுட்டது.

திரும்பும் பஸ்ஸில் அவள் சொன்னாள்: “நீ வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு. அவரு கையிலதான என் உசுரு இருக்குது. கோவத்துல கொழாய வெடுக்குனு இழுத்துட்டாருன்னா?”

“கழுவாத கைக்கு கடல வேற.”

“அதுக்குத்தாண்டி கடலையே.”

அடுத்த முறை சந்தையில் ஒரு புதுச் சோப்பு வாங்கிப் போனேன். மேலே பெயர் புடைத்து நிற்கும் சிவப்புச் சோப்பு. அந்த அறையில் கை கழுவும் குழாயடியில் நானே வைத்தேன். மூன்று நாள் கழித்துப் போனபோது எழுத்துகள் அப்படியே இருந்தன. அடுத்த வாரமும் ஓர் எழுத்துக்கூடத் தேயவில்லை. மேலே தூசி படிந்திருந்தது. நோட்டில் காய்ச்சல் கணக்குக்குப் பக்கத்தில் எழுதினேன்: சோப்பு, காய்ந்தது. எழுதும்போது இனித்தது. வேட்டைக்குக் கண்ணி வைக்கிறவளுக்கு இப்படித்தான் இருக்கும்போல.

பிறகு ஒரு காலை, தெர்மாமீட்டர் நூற்றொன்றைத் தாண்டியது. பஸ் முழுக்க அக்கா நடுங்கினாள். நான் நேராகக் குழாயடிக்குப் போய், சோப்பை எடுத்துப் பெரிய டாக்டர் மேசையில் வைத்தேன்.

“ரெண்டு வாரமா இருக்குதுங்க. எழுத்தப் பாருங்க.”

அவர் கட்டைவிரலால் எழுத்துகளைத் தடவினார். எழுந்து அக்காவிடம் வந்து கட்டைப் பிரித்தார். குழாய் நுழையுமிடம் சிவந்து வீங்கியிருந்தது. பிளாஸ்திரியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது ஒரு கடலைத் தொலி.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

டெக்னீசியன் என்னைப் பார்த்தார். இந்தப் பழியைச் சுமக்க வேண்டியவர்களில் இரண்டாவது ஆள் நான்தான் என்று அப்போது தெரிந்தது.

“கொண்டாந்தது நாந்தாங்க,” என்றேன். “தேய்ச்சி ஊதுனது அவரு.”

அன்று முதல் ஒவ்வொரு நோயாளிக்கும், கூட வந்தவர் கண்ணெதிரே, கை கழுவிவிட்டுத்தான் குழாயைத் தொட வேண்டும் என்று உத்தரவானது. மருந்து ஏற்றினார்கள். பத்து நாள் அந்தக் கையை விட்டு என் கண் நகரவில்லை. சிவப்பு மெல்ல வடிந்தது. கை தப்பியது.

நான் கடலையை நிறுத்தினேன். குழாயடியில் போய் நின்றேன், ஒவ்வொரு முறையும். அவர் கழுவுவார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. வாரங்கள் போகப் போகக் கணுக்களில் தோல் வெளுத்து வெடித்தது. அதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதை எழுதவும் எனக்கு வெட்கமில்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய கடைசி முறை. அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. அவர் சொட்டும் கைகளை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“போதுங்களா டாக்டரம்மா?”

சுத்தமாகத்தான் இருந்தன.

“இன்னொருக்கா கழுவுங்க,” என்றேன்.