இரண்டு வெறும் ஆணி

சபையாரே, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கெடுதல் கேட்டு மூன்று வருஷம் முழங்காலில் நின்றவன் நான். அந்த ஜெபத்துக்கும் கர்த்தர் பதில் கொடுத்தார். அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

ரங்கூனில், அலோன் ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் நானும் ஜேக்கப்பும் குமாஸ்தாக்கள். ஒரே மிஷன் பள்ளி, ஒரே வயது, ஒரே சபை, அடுத்தடுத்த வீடு. ஆனால் அவனிடம் லைசென்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. சனிக்கிழமைகளில் மாவ்பி பக்கம் வயல்வெளிக்குப் போய்க் காட்டு வாத்து சுட்டு வருவான். போதகர் வீட்டுக்கு இரண்டு, எங்கள் வீட்டுக்கு ஒன்று. என் மனைவி எஸ்தர் அதைக் குழம்பு வைத்துப் பரிமாறிக்கொண்டே ஜேக்கப் அண்ணனைப் புகழ்வாள். எனக்குத் தொண்டையில் இறங்காது.

கிட்டங்கியில் பர்மாக்காரர்கள் அவனைப் பெரியவர்களை அழைப்பதுபோல் "ஊ ஜேக்கப்" என்பார்கள். என்னைத் தோளில் தட்டி, கூட்டாளியைக் கூப்பிடுவதுபோல் "கோ சாமுவேல்" என்பார்கள். துப்பாக்கிக்காரனுக்கு ஒரு மரியாதை, பேனாக்காரனுக்கு ஒரு மரியாதை. எனக்கு வயிறு எரிந்தது.

நானும் லைசென்ஸுக்கு மனுப் போட்டேன். போலீஸ் அதிகாரி எதற்கு என்று கேட்டார். வாத்து சுட என்றேன். வாத்து சந்தையில் கிடைக்கும் என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது என்ன சட்டம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அன்று முதல் தினமும் காலையில் என் ஜெபம் ஒன்றுதான். "ஆண்டவரே, எனக்கும் ஒன்று கொடும். இல்லாவிட்டால் அவனிடம் இருப்பதை எடுத்துப்போடும்."

இதில் வேடிக்கை என்னவென்றால், வருஷாவருஷம் அவன் லைசென்ஸைப் புதுப்பிக்க மனு எழுதிக் கொடுத்ததே நான்தான். என் இங்கிலீஷ் எழுத்து அவ்வளவு பேர் போனது. துப்பாக்கியின் நம்பர், இருபத்தைந்து தோட்டா, எல்லாம் எனக்கு மனப்பாடம். துப்பாக்கி அவன் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு ஆணியில் கிடக்கும். தோட்டா அதன் கீழே மேசை இழுப்பறையில் இருக்கும்.

அறுபத்து நாலாம் வருஷம் டிசம்பரில் ஹெட் கிளார்க் வேலை காலியானது. எனக்குத்தான் என்று நம்பியிருந்தேன். ஜேக்கப்புக்குக் கொடுத்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவன் வீட்டில் விருந்து. போதகர், சபையார், குழந்தைகள் என்று பின்கட்டில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தோம்.

சாப்பாட்டின் நடுவில் ஜேக்கப் விளையாட்டாகச் சொன்னான். "நம்ம சாமுவேலுக்கு எழுத்துதான் அழகு. மத்ததெல்லாம் நம்ம பக்கம் வந்துருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள்.

அவள் சிரித்ததை என்னால் தாங்க முடியவில்லை. எச்சில் கையோடு எழுந்து முன்னறைக்கு நடந்தேன். எதற்குப் போனேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அவனை மட்டும் என்றுகூட நான் நினைக்கவில்லை. சிரித்த வாய் அத்தனையும் மூட வேண்டும். சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கினேன்.

இரண்டு ஆணி இருந்தது. துப்பாக்கி இல்லை. இழுப்பறையை இழுத்தேன். தோட்டாவும் இல்லை.

ஜேக்கப் பின்னாலேயே வந்து நின்றான். அவனுக்கு என்மேல் துளி சந்தேகம் இல்லை.

"அதையா தேடுற? போலீஸ் ஸ்டேசன்ல இருக்கு. நீ எழுதுன மனு திரும்பி வந்துருச்சுப்பா, இனிமே பர்மா பாஷையிலதான் எழுதணுமாம். லைசென்ஸ் தேதி முடிஞ்ச துப்பாக்கி வீட்டுல இருக்கக்கூடாதுன்னு நேத்து வாங்கி வச்சுக்கிட்டாங்க. நீ மனசு கஷ்டப்படுவன்னு சொல்லல."

ஆட்சி மாறி, ஆபீஸ் காகிதமெல்லாம் பர்மா பாஷைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எங்களைப் போன்ற மிஷன் பள்ளிக் குமாஸ்தாக்களுக்கு ஆபீஸ் என்றாலே இங்கிலீஷ்தான். அந்தப் பெருமையில் நான் பழையபடியே எழுதிக் கொடுத்திருந்தேன். அந்தப் பிழையும் நான் திட்டிய சட்டமும் சேர்ந்து அந்தச் சுவரைக் காலியாக்கி வைத்திருந்தன. இழுப்பறையை மூடிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பின்கட்டில் குழந்தைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஜேக்கப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபத்தையும் சொன்னேன். அடிப்பான் என்று நினைத்தேன்.

"அப்ப அது ஸ்டேசன்லயே இருக்கட்டும், சாமுவேலு. புது மனு எழுத வேணாம்" என்றான்.

அதன்பின் அவன் வாத்து சுடப் போகவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். இவனுக்கு மட்டும் இப்படி ஒரு மனசா என்று.

எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் கூட்டத்துக்குள் புகுந்து சுட்டான் என்று பேப்பரில் வந்தால், படிக்கிறவர்கள் அவன் மனுஷனா என்று கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை. என் கோபம் அவன் கோபத்துக்குக் குறைந்ததல்ல. அவன் கை நீட்டிய இடத்தில் துப்பாக்கி இருந்தது, நான் நீட்டிய இடத்தில் இல்லை.

உங்களில் யாருக்காவது அடுத்த வீட்டைப் பார்த்து வயிறு எரிந்தால், சுத்தமான ஜெபம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இருக்கிறபடியே அவரிடம் கொண்டுபோங்கள். எதை எடுத்துப்போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு வயிற்றெரிச்சல் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதனால் காலை ஜெபத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன். ஆண்டவரே, இன்றைக்கும் அந்தச் சுவர் காலியாகவே இருக்கட்டும்.